தையலை மறைத்த ஏரி

அந்தப் புகைப்படத்தில் நான் ஓர் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் தண்ணீர் அகலமாகக் கிடக்கிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் மரங்கள், மரங்களுக்கு மேலே அடுக்கடுக்காக மலை. பஃப் கை வைத்த ரவிக்கையும், முன்னால் தெரியும்படி எடுத்துவிட்ட மல்லிகைச் சரமுமாக, கேமராவைப் பார்த்து மிரண்டுபோய் நிற்கிறேன். படம் இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் மகள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் சற்று நின்று, "இது எந்த ஊர் ஏரிங்க?" என்று கேட்பார்கள். ஏற்காடா, ஊட்டியா என்று அவர்களே சொல்லியும் பார்ப்பார்கள். நாமக்கல் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறை என்று நான் சொன்னால் சிரித்துவிட்டுக் காபியைக் குடிப்பார்கள்.

அந்த ஏரியைத் துணியில் எழுதியவர் என் சித்தப்பா. அப்பாவுக்கு நேர் இளையவர். மீசை அரும்புகிற வயதில், நாமக்கல் தேர்த்திருவிழாவுக்கு வந்து கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனி ஊரை விட்டுக் கிளம்பியபோது அதன் வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார். "ஓடிப்போயிட்டான்" என்று வீட்டில் சொன்னார்கள். "வேலைக்குப் போனேன்" என்று அவர் சொன்னார். முதலில் திரையைக் கயிறு கட்டி இழுக்கிற வேலை. நாடகத்தில் ஆட்களுக்குப் பின்னால் தொங்கும் ஓவியத் திரைக்குச் 'சீன்' என்று பெயர். தர்பார் சீன், தெரு சீன், சிறைச்சாலை சீன், காட்டு சீன் என்று கம்பெனிக்கு நாலைந்துதான் இருக்கும். எந்த ராஜா நாட்டை இழந்தாலும் அதே காட்டுக்குத்தான் போயாக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் திருச்செங்கோட்டில் கொட்டகை ஒழுகி, அந்தக் காடு சாயம் கரைந்து ஓடிவிட்டது. எழுதத் தெரிந்தவர் அந்த நேரம் காய்ச்சலில் படுத்திருந்ததால், சித்தப்பா குமாரபாளையத்துக் காடாத் துணியை வாங்கித் தரையில் விரித்து, வச்சிரப் பசையைக் காய்ச்சி வண்ணப் பொடியில் கலந்து, மூங்கில் கழியில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு துணிமேலேயே வெறுங்காலோடு நடந்து நடந்து ஒரு புதுக் காட்டை எழுதிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரைக் கயிறு இழுக்கச் சொல்லவில்லை.

சீன் என்பது தூரத்திலிருந்து பார்ப்பதற்காக எழுதுவது. கிட்டத்தில் நின்றால் வெறும் தீற்றல்தான் தெரியும். அதனால் எழுதியதைத் தூக்கிக் கட்டிவிட்டு, பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பார். நடந்து நடந்து அதுவே அவருக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டிலும் எதையாவது நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் பின்பக்கமாகப் போவார். பால்காரர் மேல் முட்டியிருக்கிறார், காயப்போட்ட மிளகாயை மிதித்திருக்கிறார். ஒருமுறை தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்தே விட்டார். "முன்னால நடக்கறவனே ஊடு போய்ச் சேர மாட்டேங்கறான், பின்னால நடக்கறவன் எங்கீங்க போய்ச் சேருவான்?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அவளுக்கு இந்தக் கொழுந்தன் மேல் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் இத்தனை திட்டினாள்.

அவர் கம்பெனியை விட்ட கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். ஓர் ஊரில் திரை எழும்பியதும், மேடையில் ஆள் வருவதற்கு முன்பே ஜனம் கை தட்டியிருக்கிறது. காட்டுக்கு நடுவே ஓர் ஓடை, ஓடைக்குமேல் வெயில் விழுகிற மாதிரி எழுதியிருந்தாராம். அந்தக் கைதட்டலைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்த ராஜபார்ட் நடிகர், தான் வந்ததும் ஓய்ந்துபோனதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தான் மேடையில் நின்ற பிறகுதான் சீன் இறங்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். "அவரு பின்னால எறங்குறதுக்கு என்ற காடு என்ன அவரு அங்கவஸ்திரமா?" என்று கேட்டுவிட்டுச் சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு சேலத்தில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் வேலை. அங்கே அவருக்குக் கிடைத்தது வானம் மட்டும்தான். பெரிய பெரிய துணியில் விடிகிற வானம், பொழுது சாய்கிற வானம், மழைக்கு முந்திய வானம். படம் வந்ததும் எங்கள் எல்லோரையும் கொட்டகைக்குக் கூட்டிப் போவார். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது, "அழறதைப் பார்க்காதீங்க, மேல பாருங்க, மேல" என்பார். மேலே புகை மாதிரி ஏதோ தெரியும். நாங்களும் தலையை ஆட்டுவோம்.

அதற்கப்புறம்தான் சேலம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று ஊர் ஊராகப் போட்டோ ஸ்டுடியோக்களுக்கு சீன் எழுத ஆரம்பித்தார். கையில் வேலை இல்லாத நாட்களில் எங்கள் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் இருந்துகொண்டு, அட்டையிலும் பலகையிலும் தனக்காக எழுதுவார். உச்சிவெயிலில் கஞ்சமலை, சங்ககிரி மலைக்கோட்டைக்குப் பின்னால் எழும்பும் மேகம், கோடைக் காவிரியின் மணல். எதிலும் ஆள் இருக்காது. ஆள் வந்தால் மறைக்கும் என்பது அவர் கட்சி. அவற்றை யாரும் வாங்கியதில்லை. ஒன்றை அம்மா குதிருக்கு மூடியாக வைத்திருந்தாள். அதற்கும் அவர் வருத்தப்படவில்லை, எடுத்து மூடும்போது தலைகீழாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் சொன்னார்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது படம் எடுக்கவென்று நாமக்கல்லுக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். அவர் எழுதிய ஏரி சீனுக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டு, வழக்கம்போலப் பின்னால் நடந்து கதவில் இடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லு சாமி, ஏரி மறையுது" என்றார். போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பெண் பார்க்க அனுப்புகிற படத்தில் பெண்ணைத் தள்ளி நிற்கச் சொன்ன சித்தப்பன் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

தரகர் அந்தப் படத்தை மேச்சேரிப் பக்கம் கொண்டுபோனார். மாப்பிள்ளை வீட்டார் செம்மறி ஆட்டுக்காரர்கள். மானாவாரிக் காடு கொஞ்சம், ஆடு நிறைய. கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். அந்த வருஷம் நல்ல மழை. எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த ஊர்க்குட்டை தளும்பிக் கிடந்தது, சுற்றிலும் பச்சை, தூரத்தில் கொல்லிமலை கழுவிவிட்டது போல நின்றது. மாமனார் ஆகப்போகிறவர் வாசலில் நின்று மடியிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "படத்துல பார்த்தாப்பலயே இருக்குதுங்க. எனக்குத் திருப்தி" என்றார். நான் அப்போதுதான் காபித் தம்ளரோடு நிலைப்படிக்கு வந்திருந்தேன். அவர் என்னைச் சொன்னதாகத்தான் நான் நினைத்தேன், எல்லோரும் நினைத்தார்கள். அவர் குட்டையைச் சொன்னார் என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. மேச்சேரி எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர், ஆனால் நான் பேசுவதை உட்கார்ந்து கேட்பார், அது போதாதா? மாமனார் என் படத்துக்குச் சட்டம் போட்டு நடுச்சுவரில் மாட்டியிருந்தார். காலையில் ஆட்டுப் பட்டியைத் திறக்கப் போகுமுன் அதன் எதிரில் ஒரு கணம் நிற்பார். வருகிற ஆட்டுக்காரர்களிடம் விரலை நீட்டி, "என்ற மருமவ ஊருங்க" என்று காட்டுவார். மருமகள் மேல் இத்தனை பாசமா என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பலாகத் தெரிந்ததையெல்லாம் அவர் கண் புல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் புரிந்தது. கோடையில் பட்டியை ஓட்டிப்போய் மேய்க்க ஒரு நீர்வளமுள்ள உறவு வேண்டும் என்று பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். பக்கத்திலேயே மேட்டூர் அணை இருந்தும், நீர் வற்றிய கரையில் சுற்றுப்பட்டு ஆடுகள் அத்தனையும் இறங்கி, புல்லை வேரோடு முடித்துவிடும்.

சித்திரை நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு காலை நேரம் தெருக்கோடியில் செம்மண் புழுதி எழும்பியது. புழுதிக்குள்ளிருந்து ஆடுகளின் இருமல் சத்தம் வந்தது. பிறகு செம்பழுப்பு நிறத்தில் ஆடுகளே வந்தன, நாக்கு வறண்டு, விலா எலும்பு தெரிய. அவற்றுக்குப் பின்னால் தலையில் துண்டும் தோளில் தொரட்டியுமாக என் மாமனார். நாலைந்து நாள் நடந்து வந்திருந்தார். முகத்தில் அத்தனை களைப்பிலும் சந்தோஷம். அப்பா ஓடிப்போய்க் கும்பிட, அவரும் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சம்மந்தி, அன்னைக்கு இங்க பார்த்த ஏரி எங்கீங்க?"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமனார் மேல்துண்டில் சுற்றி வைத்திருந்த படத்தைப் பிரித்துக் காட்டினார். அப்பா படத்தைப் பார்த்தார், எதிரே வெடித்துக் கிடந்த குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டுடியோ, சீன், துணி என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினார். மாமனார் அதுவரை தன் வாழ்நாளில் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர். "ஏனுங்க, போட்டோ பொய் சொல்லுமுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். ஆடுகளைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "பட்டியைத் திருப்பி ஓட்டறேனுங்க. புள்ளை இங்கயே இருக்கட்டும். பொறவு பார்த்துக்கலாம்" என்றார். இந்தப் 'பொறவு' எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வாசலில் யாரோ 'வாழாவெட்டி' என்ற சொல்லை மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது சாய்ப்பிலிருந்து சித்தப்பா வந்தார். விரல்களில் நீலம் காயாமல் இருந்தது. படத்தை வாங்கி அவர் பார்த்த விதத்தை நான் மறக்கவே முடியாது. தான் எழுதிய ஒன்றைத் தேடி ஒருவர் இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் முதலில் ஒரு பெருமையாக வந்து, உடனே பயமாக மாறியது. "தண்ணி இருக்குதுங்க" என்றார். "ஆனா இங்க இல்லீங்க. ரெண்டு நாள் நடை. நான் காட்டறேன், வாங்க." மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். வேறு வழியும் அவருக்கு இல்லை. ஆடுகளை அப்படியே திருப்பி ஓட்டினால் பாதி கூட ஊர் சேராது.

அப்பா வண்டி கட்டினார். அரிசியையும் பானையையும் ஏற்றிவிட்டு அம்மா என்னையும் ஏறச் சொன்னாள். "நீயும் போ சாமி. கண்ணு முன்னால இருந்தீனா அவருக்கு மனசு இளகும். மறைஞ்சு நின்னீனா மறந்துபோயிருவாரு" என்றாள். முன்னால் ஆடுகள், அவற்றோடு மாமனாரும் சித்தப்பாவும், பின்னால் எங்கள் வண்டி. நாமக்கல் மலைப்பாறையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனோம். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது. ரோட்டின் மேல் கானல் தளும்பும். எட்டப் போகிற ஆடுகளுக்குக் கால் தெரியாது, முதுகு மட்டும் மிதந்துகொண்டு போகும். ஒவ்வொரு மேட்டிலும் அடுத்த பள்ளத்தில் தண்ணீர் மினுங்குகிற மாதிரி இருக்கும். கிட்டே போனால் ஓடைமண். சித்தப்பா அடிக்கடி பின்னால் திரும்பிக் கொல்லிமலை எத்தனை தூரம் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தார்.

நடுப்பகலில் புளியமரத்தடியில் ஆடுகள் படுத்தன. சித்தப்பா வண்டி நிழலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன் சித்தப்பா, எல்லா சீனுலயும் தண்ணியைப் போடறீங்க?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. அவர் சொன்னார். "காடாத் துணி அகலம் பத்தாது சாமி. ரெண்டு துணியை மேலயும் கீழயும் வெச்சு மூட்டித்தான் ஒரு சீன். மூட்டுன தையல் குறுக்கால ஒரே கோடா ஓடும். என்ன பூசினாலும் வெளக்குல தெரிஞ்சுபோகும். அது மேல தண்ணிக்கரையைப் போட்டுட்டா கண்ணுக்குத் தெரியாது. தண்ணி ஒண்ணுதான் அத்தனை நேராக் கெடக்கும்." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு தையலை மறைக்கப் போட்ட தண்ணீருக்கு நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் தன் நீல விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கோடைக் காவிரி என்றால் மணல்தான், மணலுக்கு நடுவே இரண்டு மூன்று கிளைகளாகத் தெளிந்த தண்ணீர். ஆடுகள் வாசம் பிடித்ததும் ஒரே ஓட்டமாக இறங்கி வரிசையாக வாய் வைத்தன. அவை குடிக்கிற சத்தத்தைத் தவிர ஆற்றில் வேறு சத்தம் இல்லை. மாமனார் கரையில் நின்று நாலு திசையும் தேடினார். "தண்ணி சரிங்க. மலையைக் காணமே?" என்றார். சித்தப்பா, "இந்தப் படம் அக்கரையில நின்னு எழுதினதுங்க" என்றார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று திட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் எல்லோரும் வேட்டியையும் சேலையையும் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனோம்.

அங்கே போய்த் திரும்பினால் படம் நின்றது. முன்னால் தண்ணீர், அதற்கப்பால் நாங்கள் விட்டுவந்த கரையில் வாய்க்கால் பாசனத்தின் பச்சை, தென்னையும் வாழையும். எல்லாவற்றுக்கும் பின்னால், மிகமிக எட்டத்தில், ஊதினால் கலைந்துவிடும் போல நீலமாக ஒரு கோடு. அதுதான் கொல்லிமலை. மாமனார் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். "மலையை ரொம்பக் கிட்டத்துல இழுத்துப்போட்டீங்களே" என்றார். "துணி அத்தனைதானுங்க இருந்துச்சு" என்றார் சித்தப்பா. பிறகு யாரும் கேட்காமலே தையலைப் பற்றியும் சொல்லிவிட்டார். அப்பா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். மாமனார் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், என் தோளுக்குப் பின்னால் ஓடிய அந்த நீர்க்கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

அந்தப் பக்கத்துக் கோயில் நோம்பிகளில் நாடகத்துக்கு சீன் கட்டிய பழக்கத்தில் சித்தப்பாவுக்குக் கரையோரத்துத் தோட்டக்காரர் ஒருவரைத் தெரியும். அவரிடம் போய்ப் பேசி, அறுத்த வயலில் பட்டி போட ஏற்பாடு செய்தார். ஆட்டுப் புழுக்கை உரத்துக்காகத் தோட்டக்காரர்களே தேடி அலைகிற காலம் அது. மாமனாரும் ஆடுகளும் அங்கே தங்கினார்கள். நாங்கள் வண்டியில் திரும்பினோம். அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவும் எங்களுக்குத் தைரியம் இல்லை.

சித்தப்பாவும் அங்கேயே தங்கிவிட்டார். வைகாசி முழுக்க, ஆனி முழுக்க நான் அம்மா வீட்டில் இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒருமுறை வந்து போனார். தன் அப்பா சொல்லாமல் எப்படிக் கூட்டிப் போவது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இப்போது என் பேத்திகள் ஒரு மனிதரோடு வாழ்வதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். அந்த இரண்டு மாதம் நான் இருந்த இருப்பை அவர்களுக்குச் சொன்னால் கதை என்று கேட்கிறார்கள். அது கதை போலத்தான் இருக்கிறது எனக்கும். பகலெல்லாம் அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி ஒரு நினைப்பு. சித்தப்பா பிறகும் பல வருஷம் எழுதினார், நிறைய ஏரிகள். என் படத்தில் இருக்கிற ஏரியை மட்டும் அவர் மறுபடி எழுதவில்லை.

ஆடி பிறந்து மேச்சேரியில் மழை பெய்த சேதி வந்த சில நாளில், காலை வெயில் ஏறுமுன் தெருவில் ஆடுகளின் சத்தம் கேட்டது. இந்த முறை இருமல் இல்லை. கொழுத்த ஆடுகள், இடையிடையே புதுக் குட்டிகள். மாமனார் வாசலோடு நின்றுகொண்டார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"ஏரியைப் பார்த்துத்தானுங்க பொண்ணு எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன். உங்க தம்பி அது தையலுன்னு சொல்லிப்போட்டாரு. மலையும் அங்க இல்லை. ரெண்டு மாசமா ஆத்தங்கரையில உக்காந்து அந்தப் படத்தையேதான் பார்த்தேனுங்க. பார்க்கப் பார்க்க ஒவ்வொண்ணா இல்லைன்னு ஆயிப்போச்சு. கடைசியில நெசம்னு மிஞ்சினது இந்தப் புள்ளை ஒண்ணுதானுங்க. அதையும் உட்டுப்போட்டுப் போறதுக்கு நான் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கவே வேண்டாமுங்களே."

பிறகு கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "வெயில் ஏறுது சாமி. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. அம்மா என் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.